பேரேடு பொய் சொல்லாது, தராசு?

2019ஆம் ஆண்டில் நான் எழுதிய ஒரு கட்டுரைக்குப் 'பொய் சொல்லாத பேரேடு' என்று தலைப்பிட்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகையில் இருந்து வருகிறேன். இட்ட தலைப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இன்று நினைத்தாலும் கூச்சம் தருவது இந்த ஒன்றுதான்.

பெருந்தோட்டத் துறை சார்ந்த ஒரு கம்பனி (பெயர் இங்கு வேண்டாம்) ஆங்கிலத்தில் ஓர் ஊடக அறிக்கை அனுப்பியிருந்தது. மலைச்சரிவில் கொழுந்து பறிக்கப்படுவது முதல் ஐரோப்பியக் கடைத்தட்டில் பொதி அமர்வது வரை அனைத்தும் இனி 'பிளொக்செயின்' நுட்பத்தில் பதிவாகும் என்றது அறிக்கை. பொதியிலுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் காட்டினால், அத்தேயிலையின் முழு வரலாறும் எவராலும் மாற்ற முடியாத உண்மையாகக் கண்முன் விரியுமாம். பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரமே இருந்தது. எனக்கு அந்த நுட்பம் அரைகுறையாகவே விளங்கியிருந்தது. 'மாற்ற முடியாத பதிவு' என்று எழுதவேண்டிய இடத்தில், அறிக்கையில் இருந்தபடியே 'மாற்ற முடியாத உண்மை' என்று எழுதினேன். பதிவு வேறு, உண்மை வேறு என்பது அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மலையகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"ஐயா, பேரேடு பொய் சொல்லாதுன்னு எழுதியிருக்கீங்க. சரி. தராசு?"

அவருடைய தாயார் கொழுந்து பறித்தவர். நிறுக்கும் இடத்தில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோக்களைக் கழித்துவிட்டே கணக்கில் எழுதுவார்களாம். மழை நாளில் கழிவு கூடும். வெயில் நாளிலும் அது முற்றாக இல்லாமற் போவதில்லை. குறித்த நிறைக்குக் குறைந்தால் அன்று முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. ஆகவே இரண்டு கிலோக் கழிவென்பது சில வேளைகளில் அரைநாட் சம்பளம்.

பள்ளி மாணவனாக இருந்த காலத்தில் அவர் ஒரு கொப்பி வைத்திருந்தார். தாயார் மாலையில் வந்து சொல்லும் நிறையைத் திகதியிட்டு எழுதிவைப்பார். சம்பளத் துண்டு வரும் நாளில் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒத்துவராது. தாயார் ஒருமுறை அந்தக் கொப்பியையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். "ஒன் மகன் கொப்பிக்கெல்லாம் சம்பளம் போட முடியாது, செக்ரோல்ல உள்ளதுக்குத்தான்" என்பது கிடைத்த விடை.

"இப்ப அந்தச் செக்ரோலைத்தானே ஐயா கம்பியூட்டர்ல ஏத்தி, யாரும் மாத்த முடியாதுன்னு பூட்டுறாங்க?" என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

அதன் பின்னர்தான் இந்த நுட்பத்தை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். சதோஷி நகமோத்தோ என்ற புனைபெயரில் 2008இல் வெளியான ஒரு சிறு கட்டுரையும், அடுத்த ஆண்டில் இயங்கத் தொடங்கிய பிட்கொயினும் இதன் தொடக்கம். நூல்கள் பலவும் என்னைக் குழப்பின. இறுதியில் எனக்குத் தெளிவுபடுத்தியவர், மாளிகாவத்தைத் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே சீட்டுப் பிடிக்கும் ஒரு தாத்தா. பெண்ணைத் தாத்தா என்கிறானே என்று தமிழக நண்பர்கள் திகைக்க வேண்டாம். கொழும்பு முஸ்லிம்கள் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்பர்.

பன்னிரண்டு பெண்கள், மாதம் பத்தாயிரம் ரூபா. முதல் நாளே துண்டு குலுக்கி, எந்த மாதம் யாருக்கு என்று முடிவாகும். அந்த வரிசையைப் பன்னிரண்டு பேரும் தத்தம் கொப்பியில் எழுதிக்கொள்வர். "ஒருத்தி தன்ட கொப்பிய மாத்தினா மத்தப் பதினொரு பேரும் சொல்லுவாங்களே தம்பி. நான் மாத்தினாலும் அப்பிடித்தான்" என்றார் தாத்தா. பிளொக்செயின் என்பது ஏறக்குறைய இதுதான். ஒரே பேரேட்டின் பிரதிகள் பலரிடம் இருக்கும். அத்துடன், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் கைரேகைபோல ஓர் எண் பொறிக்கப்படும். பழைய பக்கத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் பொருந்தாது, களவு வெளிப்பட்டுவிடும்.

ஆனால் அதே சீட்டில் நடந்த ஒரு வழக்கையும் தாத்தா சொன்னார். ஒரே பெயருடைய இருவர் அதில் இருந்தனர். ஒருவருக்கு ஆறாம் மாதம், மற்றவருக்கு ஒன்பதாம் மாதம். குலுக்கிய அன்று வாசித்த பிள்ளை இருவரையும் மாற்றி வாசித்துவிட்டது. பன்னிரண்டு பேரும் பிழையையே கவனமாக எழுதிக்கொண்டனர். ஆறாம் மாதக் காசை நம்பி ஒருவர் மகளின் கலியாணத்துக்கு நாள் குறித்திருந்தார். கொப்பிகளோ ஒரே குரலில் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லின. பன்னிரண்டு பிரதிகள் இருந்தது பிழையைத் திருத்த உதவவில்லை. அதற்கு வலுச் சேர்க்கவே உதவிற்று. குலுக்கியபோது உடனிருந்த இருவரின் நினைவை வைத்தே வழக்குத் தீர்ந்தது.

இந்த நுட்பத்தை நான் இகழ்வதாக எவரும் எண்ணவேண்டாம். வோல்மார்ட் நிறுவனம் ஐ.பி.எம்.முடன் நடத்திய ஒரு சோதனையில், வெட்டிப் பொதிசெய்த மாம்பழம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது எனக் கண்டறிய முன்பு ஏறக்குறைய 7 நாட்கள் பிடித்தன. அதுவே 2.2 செக்கனாகக் குறைந்தது. நஞ்சாகிப்போன உணவைக் கடைகளிலிருந்து மீளப்பெறும் அவசரத்தில் இது சிறிய காரியமன்று. எங்கள் நாட்டிலேயே 2019இல் ஒக்ஸ்பாம், ஏயோன், எதரிஸ்க் ஆகியன சேர்ந்து சிறு நெல் விவசாயிகளுக்கு இந்நுட்பத்தில் ஒரு பயிர்க் காப்புறுதியைக் கொண்டுவந்தன. முதலில் சேர்ந்தோர் ஏறக்குறைய 200 பேர். வானிலைத் தரவு குறித்த எல்லையைத் தாண்டினால் இழப்பீடு தானாகவே கணக்கிடப்படும். விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை. இங்கே முதற்பதிவைச் செய்வது பணம் கொடுப்பவரும் அல்லர், பெறுபவரும் அல்லர். தோட்டத்துத் தராசுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

தேயிலையில் இன்னொரு சிக்கல். பச்சைக் கொழுந்து நாலரை முதல் ஐந்து கிலோ வரை சேர்ந்தால்தான் ஒரு கிலோத் தேயிலை. சிறுதோட்டக்காரர் பலரின் கொழுந்து ஒரே லொறியில் ஏறி, ஒரே தொழிற்சாலையில் வாடி, ஒன்றாகவே அரைபடுகிறது. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரல் முதல் கணினி வழி நடைபெறுகிறது. அங்கு வாங்கப்படும் தேயிலையும் பெரும்பாலும் களஞ்சியங்களில் வேறு தோட்டத் தேயிலைகளோடு கலக்கப்பட்டே பொதியாகிறது. ஏலத் தொகுதி வரை தடம் துல்லியமாக இருக்கலாம். கலவைக்குப் பின்னும் 'இந்தக் கோப்பை இந்தத் தாயின் கூடையிலிருந்து வந்தது' என்று கியூ.ஆர். குறியீடு புன்னகைத்தால், அது விளம்பரப் படம் மட்டுமே.

மொழியும் எங்களைக் கைவிட்டது என்பேன். பிளொக்செயினுக்குக் கட்டச்சங்கிலி, தொடரேடு எனப் பல சொற்கள் உலவுகின்றன. 'சங்கிலி' என்றதும் வாசகர் விலங்கை நினைக்கிறார், அல்லது பூட்டை. 'ஏடு' என்றால் எழுதியவர் யார் என்று கேட்கத் தோன்றும். அதனால் எனக்குத் தொடரேடு பிடிக்கும். நிறுவனங்கள் சொல்லும் 'நிலைபேறு', 'பேண்தகு' ஆகியவை அதைவிட வழுக்கலானவை. எதை நிலைபெறச் செய்கிறார்கள், மண்ணையா, மரத்தையா, தொழிலாளியையா, இலாபத்தையா என்று அச்சொற்கள் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய ஒரு பணிப்புரை, சான்றின்றிப் 'பசுமையானது', 'சூழலுக்கு இசைவானது' என்று பொதுப்படையாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2026 செப்டெம்பர் 27ஐ நடைமுறைத் திகதியாகக் குறித்துள்ளது. சான்று தேவைப்படும் இடமெல்லாம் இனித் தொடரேட்டை நீட்டுவார்கள் என்பதால், செய்தி எழுதுவோரின் வேலை குறையப்போவதில்லை.

இந்த நுட்பம் மின்சாரத்தை விழுங்குகிறது, இதைக்கொண்டா சூழலைக் காப்பது என்று கேட்பாரும் உண்டு. பிட்கொயினுக்கு அது பொருந்தும். எதீரியம் வலையமைப்போ 2022 செப்டெம்பரில் தன் முறையை மாற்றி, மின்நுகர்வை 99 வீதத்துக்கும் மேலாகக் குறைத்துவிட்டது. கம்பனிகள் தமக்குள் நடத்தும் ஏடுகளுக்கு அவ்வளவு மின்சாரம் தேவையே இல்லை. அவற்றில் நான் பார்ப்பது வேறொன்றை. அவை அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே அமரும் சபைகள். பிரதி யாரிடம் இருக்கும் என்பதைச் சபையை அமைத்தவரே தீர்மானிக்கிறார். கப்பற் சரக்குகளுக்காக மேர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ், துறை முழுவதன் ஒத்துழைப்பும் கிட்டவில்லை என்ற காரணத்தோடு 2022 நவம்பரில் தன் மூடுவிழாவை அறிவித்தது. பெரிய கம்பனிகள் இன்னொருவரின் சபையில் அமரத் தயங்கும்போது அது செய்தியாகிறது. கொழுந்து பறிப்பவர் அழைக்கப்படாதது செய்தியாவதில்லை.

அந்த ஆசிரியருடன் இன்றும் தொடர்பு உண்டு. கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடவேண்டும் என்று அன்று நான் கேட்டபோது, தகவற்பிழை எதுவும் இல்லையே என்று ஆசிரியபீடத்தில் சொன்னார்கள். உண்மைதான், தகவற்பிழை இருக்கவில்லை. நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

சென்ற மாதம் வேறொரு கம்பனியிடமிருந்து அதே வகை அறிக்கை வந்தது. இம்முறை அவசரப்படாமல் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். கழிவுக்கு முன்னுள்ள நிறை ஏட்டில் ஏறுமா, பின்னுள்ளதா? ஏட்டின் பிரதி யார் யாரிடம் இருக்கும்? முதற் கேள்விக்கு விடை வரவில்லை. இரண்டாவதற்குப் பண்போடு ஒரு பட்டியல் வந்தது: தோட்ட நிருவாகம், தொழிற்சாலை, தரகர், ஏற்றுமதியாளர், சான்றிதழ் நிறுவனம், வெளிநாட்டுக் கொள்வனவாளர்.

பட்டியலை ஆசிரியருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கொப்பி இன்னும் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார்; மட்டை மட்டும் செல்லரித்துவிட்டதாம்.