மீன் தொட்டிக்கு எத்தனை நேரம் வெளிச்சம்?

"அம்மா, நீல வெளிச்சத்திலே பவளம் எப்படி மினுக்குது பார்!" என்று மகன் செல்போனை நீட்டினான். கூடத்து மீன் தொட்டியில் அதை வளர்க்கணுமாம். அஸ்தம்பட்டிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்!

விசாரித்தேன். பவளம் உயிருள்ள பிராணி. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெளிச்சத்தைக் கொண்டு அதற்குச் சமைத்துப் போடுகிறது. நீல எல்.இ.டி. அதற்குத்தான். ஆனால், பாறை கட்டும் பவளங்களைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் 2001 முதல் நம் நாட்டில் குற்றம். மன்னார் வளைகுடாவில் 2016-இல் கடல் சூடேறி எத்தனையோ பவளம் வெளுத்துப் போயிற்று. நாமும் பிடுங்கணுமா? "வேண்டாம்டா கண்ணா" என்றேன். மூன்று நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சமாதானமாக, நல்ல தண்ணீரில் வளரும் செடிகளை நட்டு, வெள்ளை எல்.இ.டி. மாட்டினோம். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். அழகாயிருக்கிறதே என்று, கோலம் போடும் நேரம் முதல் படுக்கப் போகும்வரை எரியவிட்டேன். பத்தே நாளில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி, மீனே தெரியவில்லை!

மகன்தான் விளக்கை ஒரு சாண் உயர்த்திக் கட்டி, ஆறு மணி நேரத்தோடு நிறுத்தினான். ஜன்னல் வெயிலுக்குத் திரை போட்டேன். பாசியைச் சுரண்டி, வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினோம். மூன்றாம் வாரம் செடியில் புதுக் குருத்து! பிறகு வாரத்துக்கு அரை மணியாகக் கூட்டி, இப்போது எட்டு மணி நேரம். மத்தியானம் இரண்டுக்குப் போட்டால் இரவு பத்துக்கு அணைப்போம்.

"ஸ்விட்ச் பக்கம் உன் கை வரக்கூடாதும்மா" என்று எனக்கு உத்தரவு வேறே!