ஆரோக்கியப் பச்சை

பொதிகை என்றதும் அகஸ்திய முனிவரும் தமிழும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அம்மலையின் திருவனந்தபுரத்துச் சரிவிலே, ஓடைக்கரை நிழலில், இருதய வடிவான இலைகளுடன் ஒரு சிறு பூண்டு வளர்கிறது. அதன் பெயர் ஆரோக்கியப் பச்சை.

1987 டிசம்பரில் தாவர அறிஞர் புஷ்பாங்கதன் குழுவினர் இக்காட்டில் ஏறினார்கள். அவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட, வழிகாட்டிகளான காணிக்காரர்களோ ஏதோ ஒரு காயை மென்றவண்ணம் உற்சாகமாய் நடந்தார்கள்! இரகசியத்தைக் கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்களாம்.

இரும்பில் துருவேற்றும் பிராணவாயுவே நம் உடலின் உயிரணுக்களையும் மெல்ல மெல்ல அரிக்கிறது; மூப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பர். அவ்வரிப்பை அடக்கும் பொருள்கள் இப்பூண்டில் இருப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டார்கள்; சுண்டெலிகளின் களைப்பும் குறைந்தது. மனிதனுக்கு மூப்பு வாராது என்று மட்டும் எவரும் நிரூபிக்கவில்லை. ஆகவே, நரை கண்ட நேயர்கள் அவசரப்பட்டு மலையேற வேண்டாம்!

1995-ல், இத்துடன் வேறு மூன்று மூலிகைகளும் சேர்த்து "ஜீவனி" என்ற மருந்து செய்யும் உரிமை, 10 லட்சம் ரூபாய்க்குக் கோயமுத்தூர் மருந்துச்சாலை ஒன்றுக்குக் கிடைத்தது. அத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கென்று ஏற்பாடாயிற்று. அபூர்வமான நியாயந்தான். ஆனால், மருந்துக்கு வேண்டியது இலை. பேராசைக்காரர்கள் செடியையே வேரோடு பிடுங்கினார்கள். பின்பு, இலை பறிக்கக் காணிகளுக்கே வனத்துறையார் அனுமதி மறுத்த காலமும் வந்தது.