ஐந்தருவியும் அரையாண்டுத் தேர்வும்



கீதபவனியும் அரையாண்டுத் தேர்வும் ஒரே வாரங்களில் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆகவே மாலைதோறும் ஆலய வளாகத்தில் சிறு பிள்ளைகளை அமரச்செய்து, தமிழ்ப் பாடத்தை ஒருமுறை திரும்பப் பார்த்துவருகிறோம். புணர்ச்சி விதி என்றதும் அவர்கள் முகம் வாடும். நம் ஊரிலோ அந்த விதிகள் வழிகாட்டிப் பலகைகளிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஐந்து என்பதன் கடைசி உகரம் விலகி இடங்கொடுக்க, ஐந்தருவி பிறந்தது. புலிக்கும் அருவிக்கும் நடுவே யகரம் வந்து நிற்கப் புலியருவி ஆயிற்று. தேனின் கடைசி மெய்மேல் அகரம் ஏறித் தேனருவி. சிறுமையின் மை நீங்கி, றகரம் இரட்டித்துச் சிற்றருவி. குளித்து விளையாடிய இடங்களின் பெயர்களாதலால் பிள்ளைகள் இவற்றை மறப்பதில்லை. தென்காசிக்குப் போனேன், தென்காசியைப் பார்த்தேன் என்று எழுதவைத்தால், நான்காம் இரண்டாம் வேற்றுமை உருபுகளுக்குப்பின் வல்லினம் மிகுவதும் பிடிபட்டுவிடுகிறது.

ழகரந்தான் கடினம். நம் பக்கத்துப் பேச்சில் பழம் பளமாகும், மழை மளையாகும். வீட்டில் கேட்டபடியே எழுதிய ஒரு சிறுமி, சிவப்பு மை விழுந்த பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, “ஐயா, எங்க ஆச்சி பேசுறது தப்பா?” என்றாள்.

நியாயாதிபதிகள் பன்னிரண்டாம் அதிகாரம் அப்போது என் நினைவுக்கு வந்தது. கீலேயாத்தியர் யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்டு, தப்பிவந்த எப்பிராயீமரை ஷிபோலேத் என்று சொல்லச்சொன்னார்கள். சிபோலேத் என்றவன் அங்கேயே வெட்டுண்டான். அக்காலத்தில் மாண்டவர்கள் 42,000 பேர். ஆளை அடையாளம் காட்டியது தாயிடம் கற்ற ஓர் ஒலி.

எழுத்துப் பிழையைத் திருத்தவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் பார்வைக்குத் தெளிவாகப் பிரியாமல் ஓலைகளில் வாசகர் இடர்ப்பட்டதுண்டு. அவற்றின் வடிவைச் சீர்ப்படுத்தியவராக அறியப்படுகிற வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்த அருட்பணியாளர். நம் தென்சீமையில் காமநாயக்கன்பட்டியிலும் ஊழியஞ்செய்தவர். ஓர் எழுத்தின் ஒரு சுழிக்காக அவர் அத்தனை பாடுபட்டது, வாசிக்கிறவன் தடுமாறக்கூடாதென்றே.

அச்சிறுமிக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஆச்சி பத்துச் சொற்களைத் தம் வாய்ப்படியே சொல்லவேண்டும்; அவள் ஏட்டு வழக்கில் எழுதவேண்டும். மறுநாள் கொணர்ந்த தாளில் வாழை, கிழங்கு, உழக்கு, தாழ்ப்பாள் என இருந்தன. தாழ்ப்பாளில் இரண்டு எழுத்தும் வருகிறதே என்று அவளே காட்டினாள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாதாம். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்களாம்.

பெற்றோரே, பத்து நிமிடம் சொல்வதெழுதுதல் செய்யுங்கள். தவறிய சொல்லை அன்றே மறுபடி சொல்லிப் பாருங்கள். தேர்வு முடியும்வரை சிறுவர்களை இரவு 8 மணிக்குள் கீதபவனியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுமாறு பாடகர் குழுவாரையும் கேட்டுக்கொள்கிறேன்.