பெட்டிக்குள் வராத சுரம்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது எமது தமக்கையாரின் மகள் எம்முடன் தங்கியிருந்தாள். பதினொரு வயதுச் சிறுமி. வீட்டிலிருந்தவை ஒரு கைத்தொலைபேசியும் பழையதொரு மடிக்கணனியுமே. காலையில் அவளது வகுப்பு. பிற்பகலில் எமது மாணவர்க்கு நாம் அனுப்பவேண்டிய பயிற்சிகள். எஞ்சிய நேரம் அவளுக்குரியது என்று இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு. அந்நேரத்தை அவள் சினிமாப் பாட்டுகளிற் கழிப்பாள் என்றே எண்ணியிருந்தோம். முப்பதாண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்துவிட்ட நாம், கணனித்திரை என்பது சிறுவரின் பொழுதை விழுங்குவதற்கென்றே முதலாளித்துவம் ஆக்கிவைத்த பண்டம் என்று கூட்டங்களிற் பேசியும் வந்திருக்கிறோம். அப்பேச்சுக்குக் கைதட்டலும் கிடைத்ததுண்டு.

ஒருநாள் மாலை, மரத்துண்டுகளைச் சிறு கோலால் தட்டுவது போன்ற ஓசை உள்ளேயிருந்து வந்தது. சென்று பார்த்தோம். திரை முழுவதும் சிறு சிறு கட்டங்கள். இடமிருந்து வலமாகக் காலம் ஓடுகிறது. கீழிருந்து மேலாகச் சுரம் ஏறுகிறது. விரும்பிய கட்டத்தைத் தொட்டால் அது நிறம்பெறும். கோடு ஒன்று அதனைக் கடக்கும்போது ஒலிக்கும். இவ்வளவுதான் விளையாட்டு. ஆயினும், சங்கீத வகுப்புக்கு ஒருநாளேனும் சென்றறியாத அப்பிள்ளை கால்மணி நேரத்தில் எட்டு மாத்திரைக்கு ஒரு மெட்டை அடுக்கி, அதைத் தலைகீழாக்கி, மறுபடியும் நேராக்கி, இரண்டையும் ஒட்டி வைத்திருந்தாள். இதனை யார் உனக்குச் சொல்லித்தந்தது என்று கேட்டோம். "ஒருத்தரும் இல்லை மாமா, தட்டத் தட்ட வந்தது," என்றாள்.

எமது மேடைப் பேச்சு அன்றே ஆட்டங்கண்டது எனலாம். சங்கீதம் கற்பதற்கு எம்மூரில் என்ன வேண்டியிருந்தது என்பதை வாசகர் அறிவர். வாத்தியம் வாங்கப் பணம் வேண்டும்; ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும்; பிள்ளை இன்ன வீட்டுப்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள ஒரு குலப்பெருமையும் பலவிடங்களில் வேண்டியிருந்தது. அவை ஒன்றுமில்லாத ஒரு சிறுமி, இசையமைப்பவள் எந்த இடத்தில் அமர்வாளோ அந்த இடத்தில் அமர்ந்திருந்தாள்.

ஆனால் மூன்றாம் நாள் அவள் முகம் வாடியிருந்தது.

எமது ஒழுங்கையின் முடிவிலுள்ள கோயிலில் மாலைப் பூசைக்கு மேளம் ஒலிப்பது வழக்கம். ஊரடங்குச் சட்டம் வந்தபின் அது நின்றுபோயிற்று. இறைவனுக்கு அது குறையாயிற்றோ அறியோம், பிள்ளைக்குக் குறையாயிற்று. நாதஸ்வரத்தில் நாள்தோறும் கேட்ட ஓர் இழுப்பைக் கட்டங்களில் வைத்துப் பார்க்க அவள் முயன்றிருக்கிறாள். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கி ஏறி, அங்கே சற்று நடுங்கி, மெல்ல இறங்கும் இழுப்பு. கட்டங்களை நெருக்கமாக அடுக்கினாள். ஏணிப்படியில் ஒருவர் தடதடவென்று ஏறுவதுபோல் ஒலித்தது. பன்னிரண்டு சுரங்களும் தோன்றும் வகையில் அமைப்பை மாற்றிக் கொடுத்தோம். படிகள் கூடின, வழுக்கல் வரவில்லை.

"மாமா, அது ரெண்டு பெட்டிக்கும் நடுவிலை இருக்குது. நடுவிலை தொட ஏலாதாம்."

அச்சொல் எம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. அதன் பின்னுள்ளது பெரிய வரலாறு. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வகுப்பது ஐரோப்பியப் பியானோவின் ஏற்பாடு. பல வாத்தியங்கள் ஒருங்கே இசைப்பதற்கும் ஒரு பாடலை எச்சுருதியிலும் தொடங்குவதற்கும் அது மிகவும் வசதியானது. அவ்வசதி காரணமாக உலகெங்கும் பரவி, பின்னர் இலத்திரனியல் இசைக்கருவிகளின் உள்ளேயும் குடிபுகுந்தது. இன்று சிறுவர் விளையாட்டைச் செய்பவர் அதனைத் தெரிந்தெடுக்கவும் வேண்டியதில்லை. முன்னரே அங்கே இருக்கிறது. இலவசமாகக் கையிற் கொடுக்கப்படும் கருவி, எவற்றைச் சொல்லலாம், எவற்றைச் சொல்லவியலாது என்ற தீர்மானத்தையும் உடன்கொண்டே வருகிறது. பிள்ளைக்கோ அது தீர்மானமாகத் தோன்றுவதில்லை. தன் காதிலேதான் பிழை என்று அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

இந்தச் சுவரில் முட்டிக்கொண்டவர் இதற்குமுன் எவருமில்லையா என்று தேடப் புகுந்த நாம், சோவியத் நாட்டின் தொடக்க ஆண்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தோம். எமது இளமையில் அந்நாட்டு நாவல்களைப் படித்துத் தூக்கம் கெட்டவர்கள் நாம். ஆயினும் ஆர்சனி அவ்ராமொவ் என்ற பெயரை இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் எமக்குச் சொன்னதில்லை. புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவில், 1922 நவம்பர் 7ஆம் திகதி, பாக்கு நகரத்துத் தொழிற்சாலைகளின் ஊதுகுழல்களையும் துறைமுகக் கப்பல்களின் சங்குகளையும் பீரங்கிகளையும் வாத்தியங்களாக்கி, கொடியசைத்து ஒரு சிம்பனி நடத்தியவர் அவர். பன்னிரண்டு சுரப் பியானோ மனிதச் செவியைச் சிறையிட்டுவிட்டது என்பது அவருடைய ஓயாத வழக்கு. ஸ்தாயியை நாற்பத்தெட்டாகப் பகுக்கும் முறையொன்றையும் அவர் வகுத்தார். பேசும் படம் வந்தபோது படச்சுருளின் ஓரத்தில் ஒலி ஒரு கோலமாகப் பதிவதைக் கண்டார். ஒலி கோலமாகலாம் என்றால் கோலம் ஒலியாகலாகாதா? 1930ஆம் ஆண்டளவில் வடிவங்களை வரைந்து படம்பிடித்து, எவரும் பாடாத, எவரும் மீட்டாத ஒலியை அவர் பெற்றார்.

அச்சுருள்களுக்கு நேர்ந்த கதி கேட்பவரைச் சிரிக்கவும் வைக்கும், அழவும் வைக்கும். வீட்டில் அடுக்கியிருந்த அவற்றை 1936, 37ஆம் ஆண்டுகளில் அவர் பிள்ளைகளே எடுத்து வாணமும் புகைக்குண்டும் செய்து எரித்துவிட்டனராம். பழைய படச்சுருள் வெடிமருந்துபோல் எரியக்கூடியது. விளையாட்டுப் பொருள் வேண்டிய பிள்ளைகள் கைக்கெட்டியதைக் கொண்டு செய்தார்கள். அவர்களை எவ்வாறு நோவது? ஆனால் அந்த ஆண்டுகளில் புதுமைக் கலைஞர்களின் முயற்சிகளை அந்நாட்டின் அதிகாரமே மூடிக்கொண்டிருந்தது என்பதை, அந்நாட்டின்மேற் பற்றுக் கொண்டிருந்த எம்மைப் போன்றோர் சொல்லாமல் விடுவது முறையன்று. அதனைச் செய்தவர்கள் சிறுவரல்லர்.

எனினும் எண்ணம் எரிந்துவிடவில்லை. யெவ்கெனி மூர்சின் என்னும் இராணுவப் பொறியியலாளர், 1938இல் மனத்திற் கொண்ட ஒரு கருவியை, ஐம்பதுகளின் இறுதியில் மொஸ்கோவிலே கட்டிமுடித்தார். இசைமேதை ஸ்க்ரியாபினின் முதலெழுத்துகளால் அதற்கு 'ஏ.என்.எஸ்.' என்று பெயர். அதன் தத்துவம் எளியது. சுழலும் கண்ணாடித் தட்டுகளில் நுண்கோலங்கள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றினூடே ஒளி பாய்கிறது. ஒவ்வொரு கோலமும் ஒரு தூய சுரம். ஒரு தட்டுக்கு 144ஆக ஐந்து தட்டுகளில் 720 சுரங்கள். இசையமைப்பவர் முன்னே கரும்பசை பூசிய ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். பசையைச் சுரண்டிக் கோடிழுத்தால், சுரண்டிய இடத்தில் ஒளி புகுந்து, ஒளிமின்கலத்தைத் தொட்டு, ஒலியாகிவிடும். கோடு படுத்திருந்தால் சுரம் நிலைக்கும். கோடு சாய்ந்தால் சுரம் வழுக்கும். ஸ்தாயி ஒன்றுக்கு எழுபத்திரண்டு பிரிவுகள்; செவிக்கு அவற்றினிடையே படி தெரிவதில்லை. 1972இல் வெளிவந்த தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' திரைப்படத்துக்கு எடுவார்ட் அர்ட்டேமியேவ் இசையமைத்தபோது இக்கருவியைப் பயன்படுத்தினார். படத்தை முன்னரே பார்த்திருக்கிறோம். இசையென்று கருதிக் கேட்டதில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெண் அதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். பி.பி.சி.யின் ஒலிப்பட்டறை 1958இல் தோன்றக் காரணராயிருந்தவர்களுள் ஒருவரான டஃப்னி ஓராம், மறு ஆண்டே அதைவிட்டு நீங்கி, கென்ற் பகுதியிலுள்ள தம் இல்லத்தில், படச்சுருளின்மீது வரைந்து ஒலிசெய்யும் பொறியொன்றைத் தாமே உருவாக்கினார். அவர் விட்டுவந்த பட்டறையில் பின்னர் பணியாற்றிய டீலியா டார்பிஷயரின் கதை வேறுவகை. அவர் 1963இல் 'டொக்ரர் ஹூ' தொடரின் முகப்பிசையை ஆக்கிய முறையைப் படித்தபோது பிள்ளையை அழைத்து வாசித்துக் காட்டினோம். கருவிகளைச் சோதிப்பதற்கென்றிருந்த அலையாக்கியின் குமிழைக் கையாலே திருகி, சுரத்தை வழுக்கி, ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினாராம். மெட்டெழுதிய ரொன் கிரெய்னர் ஊதியத்தில் அவருக்கும் பங்கு வேண்டுமென்று கேட்டார். நிறுவனத்தின் விதி இடங்கொடுக்கவில்லை. பட்டறையின் பெயர் வந்தது, பட்டறையில் உழைத்தவளின் பெயர் வரவில்லை. 2013ஆம் ஆண்டில், தொடரின் ஐம்பதாண்டு நிறைவுப் படத்திலே, அவர் பெயர் திரையில் தோன்றியது. அவர் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள்.

இங்கே ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு கட்டையை நொந்து நாம் இவ்வளவு எழுதுவதால், அதனை உடைத்தெறியும் கட்சியைச் சேர்ந்தவர் என்று வாசகர் எம்மைக் கருதலாகாது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவைத்தது. கட்டைகளில் நின்ற சுரங்கள் கமகத்துக்கு ஒவ்வா என்பது காரணம்; 1971 வரையில் அவ்விலக்கு நீடித்தது. காரணம் மெய்யானதே. ஆனால் ஆர்மோனியம் எவருடைய வாத்தியம்? எமது ஊர்களில் விடிய விடிய நடந்த இசைநாடகங்களை அப்பெட்டி தாங்கி நின்றது. நடிகமணி வைரமுத்து மயானகாண்டத்தில் அரிச்சந்திரனாய் நின்று பாடியபோது, கட்டைக்கு அப்பால் அவர் குரல் போய்வந்ததை ஆயிரக்கணக்கானோர் தரையிலிருந்து கேட்டனர். பெட்டி ஒன்றைச் சொல்ல, மனிதன் அதற்கு மேலும் சொன்னான். அந்த வாசிப்போரின் பிழைப்பை விலக்கிவிட்டுச் சுருதிச் சுத்தத்தைக் காப்பாற்றுவதில் எமக்கு உடன்பாடில்லை. எமது குறை சிறியது: பிள்ளைக்குப் பெட்டியைக் கொடுக்கும்போது பெட்டிக்கு வெளியேயும் இடமுண்டு என்று சொல்ல அருகில் ஒருவர் இருக்கவேண்டும். எமது வகுப்பறைகளில் நாம் கணனியைக் கற்பிக்கும் முறையை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதைப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பொத்தானை அங்கே வைத்தவர் யார் என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்குமாறு நாமும் கற்பித்ததில்லை.

மூர்சினின் பொறி இன்று மொஸ்கோவில் அருங்காட்சியகப் பொருள். ஆனால் அதன் வேலையைக் கணனியிலே செய்துகாட்டும் 'வேர்ச்சுவல் ஏ.என்.எஸ்.' என்ற மென்பொருளை ரஷ்யர் ஒருவர் ஆக்கி வழங்கியுள்ளார். பழைய மடிக்கணனியில் அதை ஒருவாறு இயக்கினோம். கறுப்புத் திரை, கட்டமில்லை, எண்ணுமில்லை. பிள்ளை முதலில் வீடு ஒன்றைக் கீறினாள். வீடு ஒலித்தது, பேய் ஊளையிடுவதுபோல. "விளக்கு வைக்கிற நேரத்திலை என்னடி அது அழுகிறது?" என்று அடுக்களையிலிருந்து அம்மம்மா கேட்டார். பிறகு தென்னை, பிறகு தன் பெயர். தன் பெயரின் ஓசையைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு ஓய நெடுநேரம் சென்றது. இரண்டு நாள் கழித்து, சாய்ந்து ஏறி, மேலே சற்று நெளிந்து, தாழ்ந்து வரும் ஒரு கோட்டை இழுத்தாள். கேட்டோம். நாதஸ்வரம் என்று அதனை எவரும் சொல்லமாட்டார். குரல் கொசுவினுடையதாக இருந்தது. ஆனால் வழுக்கல் இருந்தது.

ஊரடங்கு தளர்ந்தபின் ஒரு காலை, கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும் தம்பி படலையடியில் வந்து நின்றார். எமது பழைய மாணவர். கல்யாணங்களும் திருவிழாக்களும் நின்றுபோனதால் இரண்டு மாதமாக வருமானமில்லை. ஒரு நிவாரணப் படிவத்தை நிரப்பித் தரும்படி கேட்க வந்திருந்தார். படிவத்தில் தொழில் என்றிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்தோம். 'கூலி' என்று எழுதினால் விரைவிற் கிடைக்கும் என்றார் அவர். 'இசைக்கலைஞர்' என்று எழுதினோம். சற்றுத் தயங்கிக் கையெழுத்து வைத்தார்.

அதற்குள் பிள்ளை மடிக்கணனியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். "மாமா, இது நீங்கள் பின்னேரத்திலை வாசிக்கிறது," என்று அந்தக் கோட்டை ஒலிக்கவிட்டாள். அவர் முகத்துணியைக் கீழிறக்கி, தலையைச் சரித்து, இரண்டாம் முறையும் கேட்டார். சிரிப்பார் என்று நாம் எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை. காற்றில் விரலால் அதே வளைவைக் கீறிப் பார்த்தார்.

"ஏறுறது சரி பிள்ளை. இறங்கிறது கெதியாய் இறங்கிப்போச்சு. மேலை நிண்டு, போக மனமில்லாமல் இறங்கவேணும்," என்று சொல்லி, மெல்லப் பாடிக் காட்டினார்.

அவள் படலையடியிலேயே குந்தியிருந்து, கோட்டின் பின்பாதியை அழித்து, மறுபடியும் கீறத் தொடங்கினாள்.