தகரத்தில் ஒரு கோலம்

வெங்காயம் மூச்சு விடும் என்று நான் சொன்னால் பட்டணத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். உரிக்கிறவர்களைக் கண்ணீர் விட வைப்பது போதாதா, அது வேறு மூச்சு விட வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆனால் விஷயம் உண்மைதான். பிடுங்கித் தாளை அரிந்து கூடையில் போட்ட பிறகும் வெங்காயத்துக்கு உயிர் இருக்கிறது. காற்றை வாங்கிக்கொண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியே விடுகிறது. ஒரு காய் விடுகிற மூச்சு பெரிதல்ல. பத்து டன் காய் ஒரே அறையில் சேர்ந்து விட்டால் அந்த அறை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரம்பலூர்ச் சீமைக் குடியானவர்கள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சின்ன வெங்காயத்தைச் சேமிக்க அவர்கள் போடுவதற்குப் பட்டறை என்று பெயர். கொல்லன் பட்டறைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தரையிலிருந்து தூக்கிக் கம்புகளைப் பரப்பி, பக்கங்களில் குச்சிகளால் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்து விடுவார்கள். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். அகலம் மட்டும் குறைவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நுழைந்த காற்று நடுவில் களைத்துப் போகாமல் மறுபக்கம் வெளியேற வேண்டும் அல்லவா? நாசிக் பக்கத்து வெங்காயக் கிடங்குகளும் இதே சாஸ்திரப்படி கட்டியவைதாம்.

என் சிற்றப்பா மகன் அந்தச் சீமையில் வெங்காயம் போடுகிறவன். ஆண்டுதோறும் கீற்று மாற்றிக் கட்ட ஆள் கிடைக்காமல் போகவே, இரும்பிலேயே ஒரு கொட்டகை போட்டுவிடத் தீர்மானித்தான். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். நாலு பக்கமும் நெளிதகரத்தை அடித்து, பேருக்கு இரண்டு ஜன்னல் வைத்து, "திருடன் வர மாட்டான், மழை வராது" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்னது சரிதான். திருடனும் வரவில்லை, மழையும் வரவில்லை. காற்றும் வரவில்லை.

புரட்டாசியில் தகரம் வியர்க்க ஆரம்பித்தது. பகலெல்லாம் காய்ந்த தகரம் இரவில் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்து விடுகிறது. உள்ளே வெங்காயம் விட்ட ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த தகட்டில் முத்து முத்தாகப் படிந்து, திரும்ப வெங்காயத்தின் மேலேயே சொட்டுகிறது. தோலுக்கு அடியில் கரித்தூள் போலக் கறுப்புப் பூஞ்சணம். பாதிக்கு மேல் போய்விட்டது. விற்கிற காயாக இருந்தால் ஒரு வருஷத்து நஷ்டம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். அவன் வைத்திருந்தது ஐப்பசி நடவுக்கு விதைக்காய். சின்ன வெங்காயத்தில் போன போகத்துக் காயேதான் அடுத்த போகத்துக்கு விதை. கிடங்கு அழுகினால் வயலும் சேர்ந்து அழுகினது போலத்தான். அந்த ஐப்பசியில் அவன் கடன் வாங்கி விதை வாங்கினான்.

மறு வருஷம் அவன் திருச்சியில் ஒரு பட்டறைக்குப் போனான். இது இரும்புப் பட்டறை. அங்கே இயந்திரத்தால் துளையிட்ட தகடுகளைச் செய்கிறார்கள். பெரிய கட்டடங்களின் முகப்பில் அழகுக்காக மாட்டுகிற தகடுகள். இலை, அலை, தாமரை என்று வகை வகையாக மாதிரி காட்டினார்களாம். இவன் ஒரு சிக்குக் கோலத்தை வரைந்து கொடுத்து, அதையே நாலு சுவருக்கும் செய்யச் சொல்லிவிட்டு வந்தான்.

வீட்டில் பூகம்பம். "வெங்காயத்துக்கு என்னடா கோலம்? அது என்ன கல்யாண வீடா?" என்றாள் சித்தி. கம்பி வலை அடித்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்பது அவள் கட்சி. நான் போயிருந்த சமயம் வழக்கு என்னிடம் வந்தது. "அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்றான் அவன். கதை எழுதுகிறவன் அலங்காரத்தின் பக்கம்தான் பேசுவான் என்ற நம்பிக்கை.

நான் அலங்காரத்துக்காகப் பேசவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா என்ற ராஜ்யத்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய செங்கல் களஞ்சியங்கள் சில இருக்கின்றன. அவற்றின் பக்கச் சுவர்களில் அங்கங்கே செங்கல்லை வைக்காமல் விட்டு, அந்த ஓட்டைகளாலேயே வைரம், கோதுமைக் கதிர்க்கட்டு என்று உருவங்கள் அமைத்திருப்பார்கள். உள்ளே அடைந்திருப்பது உலர்புல். சரியாகக் காயாத புல் குவியலில் சூடேறித் தானே தீப்பிடிக்கும். அந்த ஓட்டைகள் தீயைத் தடுக்க வைத்தவை. எப்படியும் வைக்க வேண்டிய ஓட்டையைக் கொத்தன் ஒழுங்காக வைத்தான், அவ்வளவுதான். ஸ்பெயினில் கலீசியா நாட்டில் மக்காச்சோளத்துக்குக் கல்லிலேயே இடுக்கு விட்டுக் கட்டிய களஞ்சியங்களும் உண்டு. கர்னோட்டா என்ற ஊரில் உள்ளது 1768-இல் தொடங்கியது. நீளம் 34 மீட்டருக்கு மேல். எலி ஏறாமல் இருக்கத் தூண்களின் தலையில் அகலமான தட்டைக் கல்லை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கோலமா இல்லையா என்பது கேள்வியே அல்ல. காற்று போதுமா என்பதுதான் கேள்வி. தம்பியின் தகட்டில் 5 மில்லிமீட்டர்த் துளைகள். மையத்துக்கு மையம் 8 மில்லிமீட்டர். ஒரு வரிசைத் துளைக்கு இடையில் அடுத்த வரிசைத் துளை. இந்தக் கணக்குக்குத் தகட்டில் நூற்றுக்கு 35 பங்கு திறப்பு. கோலத்தின் கோடுகளை எப்படிக் காட்டுவது? துளையைப் பெரிதாக்கியும் காட்டலாம், துளையே போடாமலும் காட்டலாம். பெரிதாக்கினால் சுண்டெலி நுழையும். அதனால் துளை இல்லாத கோடாகவே விடச் சொல்லியிருக்கிறான். அதில் கொஞ்சம் காற்று நஷ்டம். அதை ஈடு செய்யக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் திறந்து வைத்து வலை அடித்தான். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். தரையையும் இரண்டடி உயர்த்திக் கம்பிச் சட்டம் போட்டான். இதையெல்லாம் கேட்ட பிறகுதான் நான் அவன் கட்சியில் சேர்ந்தேன். இவை இல்லாமல் கோலம் மட்டும் இருந்திருந்தால் சித்தி பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

இதைக் கேட்டுவிட்டு நெல் வைத்திருக்கிறவர்கள் குதிருக்கு ஓட்டை போடக் கிளம்ப வேண்டாம். நன்றாகக் காய்ந்த நெல் கிட்டத்தட்டத் தூங்குகிற பண்டம். அதற்கு வேண்டியது மூடிய சுவர். மழைக்காலத்து ஈரக்காற்று உள்ளே போனால் அதற்குத்தான் கெடுதல். பாபநாசம் அருகே திருப்பாலத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைப் பாருங்கள்: வட்டமான செங்கல் சுவர், கூம்பு போன்ற தலை. அதில் ஜன்னலைத் தேட வேண்டியிருக்கிறது.

புதுக் கொட்டகையிலும் ஒரு குறை உண்டு. சாரல் அடித்தால் துளை வழியாக உள்ளே தெறிக்கிறது. வாடைக் காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டி, மழை வந்தால் இறக்கவும் விட்டால் சுருட்டவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலை சித்தியிடம் வந்து சேர்ந்தது. கோலத்தைத் திட்டிக்கொண்டேதான் செய்கிறாள். அந்த ஐப்பசியில் விதைக்காயைக் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டியபோது, அழுகலைப் பொறுக்கி எடுக்க உட்கார்ந்தவளும் அவள்தான். ஒரு முறம் தேறியது.