மணிக்கு எவ்வளவு?

விலை சொல்லும் நேரத்தில் என் குரல் இறங்கிவிடும். பகலில் நான் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கொட்டேஷன் தயாரிப்பவன். கொள்கலனுக்கு இவ்வளவு, லாரிக்கு இவ்வளவு, தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கொஞ்சமும் தயங்காமல் தட்டி அனுப்புவேன். இரவில் வீட்டின் பின்பக்கத்தில் உட்கார்ந்து தோலில் ஒரு பர்ஸ் தைத்து முடித்து, அதை வாங்க வந்தவர் "எவ்வளவு தம்பி?" என்று கேட்டால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும். மனத்தில் 180 என்று இருக்கும். வாயில் 120 என்று வரும். "பாத்துக் குடுங்கண்ணே" என்று ஒரு வாலும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

ஆறு வருடமாக இதைக் கூச்சம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கூச்சமில்லை என்று காட்டியது ஒரு பச்சை பெல்ட்.

*

பச்சை பெல்ட் என்றதும் உங்களில் சிலருக்கு ஒரு பெரியவரின் முகம் நினைவுக்கு வரலாம். உள்ளங்கை அகலத்தில், கைலிக்கு மேல் இறுக்கிக் கட்டுவது. முன்பக்கம் காசு வைக்கப் பை இருக்கும். கல்லாப்பெட்டியை இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இங்கே கடை வைத்த முஸ்லிம் பெரியவர்கள் பலர் கட்டியிருந்தார்கள். அந்தத் தலைமுறையோடு பெல்ட்டும் போய்விட்டது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, எழுபதை நெருங்கும் ஒரு பாய் அப்படி ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய அத்தாவின் பெல்ட். அத்தா பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். பெல்ட்டின் பச்சை கறுத்து, பழைய பாசி நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு பையின் மூடி பாதி கிழிந்து தொங்கியது. பக்கிள் இருந்த இடத்தில் துரு மட்டும் இருந்தது.

"நாங்க அண்ணன் தம்பி மூணு பேரு. இருக்கறது ஒண்ணு. இதே மாதிரி மூணு பண்ணிக் குடுங்க தம்பி. இத அப்படியே வச்சிர்றோம்."

நான் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கைத்தையல். அங்குலத்துக்கு ஆறு தையல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நூல் தீர்ந்துபோய், தைத்தவர் இரண்டு தையல் பின்னால் போய்ப் புது நூலைத் தொடங்கியிருந்தார். அங்கே மட்டும் தையல் தடித்திருந்தது. யாரென்று தெரியாத அந்த மனிதரின் கை இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த இடத்தில் தெரிந்தது.

"எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணு... 350 வரும் பாய். பாத்துக் குடுங்க."

அவர் பேரம் பேசவில்லை. ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சரியென்று சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவரை கேட் வரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் அப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோல்வேலையைப் பற்றி அவர் என்னிடம் பேசவே மாட்டார். உறவினர்கள் கேட்டால் "பையன் டிசைன் பண்றான்" என்று முடித்துவிடுவார். அன்றைக்கு அவராகவே சொன்னார்.

"பாத்துக் குடுங்க, பாத்துக் குடுங்கன்னு சொல்றியே. இதே வார்த்தையத்தான் எங்கப்பா சொல்வாரு."

*

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் பின்னால் மரத்தடியில் சாக்கை விரித்துச் செருப்புத் தைப்பார் என்பதும் அரைகுறையாகத் தெரியும். ஊரில் எங்கள் குடும்பத்தின் தொழில் அதுதான். அந்தத் தொழிலின் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது பள்ளிக்கூடத்தில், ஒரு வசையாக.

அன்றைக்கு அப்பா சொன்னது எனக்குத் தெரியாத பகுதி. தாத்தா ஒருநாளும் விலை சொன்னதில்லையாம். வார் அறுந்த செருப்பைக் கொண்டுவருவார்கள். தைத்துக் கொடுப்பார். எவ்வளவு என்று கேட்டால் "பாத்துக் குடுங்கய்யா" என்பார். காசைக் கையில் தர மாட்டார்கள். சாக்கின் மேல் போட்டுவிட்டுப் போவார்கள். கடல் தாண்டி வந்து, ஒரே கங்காணிக்குக் கீழே, ஒரே மரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் அப்படிப் போட்டார்கள். அப்பா சின்னப் பையனாகப் பக்கத்தில் உட்கார்ந்து, உருண்டு ஓடும் காசைப் பொறுக்கியிருக்கிறார்.

"அதான் நான் ஊசியத் தொடல. பேக்டரிக்குப் போயிட்டேன்" என்றார். பிறகு எழுந்து டிவி பார்க்கப் போய்விட்டார்.

கைவினைச் சந்தையில் ஒருமுறை ஒரு பெண்மணி என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செருப்புத் தைக்கிற வேலைதானே, இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் கோபப்படவில்லை. விலையைக் குறைத்தேன். கோபப்படாததன் காரணம் அன்றிரவுதான் எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதை நானும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன்.

*

அலுவலகத்தில் செய்வதை அன்றிரவு வீட்டில் செய்தேன். தாளை எடுத்துக் கொட்டேஷன் போட்டேன்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படும். நான் வாங்குவது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல், அடி 42 ரிங்கிட். பெல்ட்டுக்கும் பைகளுக்கும் தேவைப்படுவது இரண்டு அடி. ஆனால் தோல் துணி மாதிரி இல்லை. வயிற்றுப்பக்கம் தளர்ந்து இழுபடும், கழுத்தில் மடிப்பு இருக்கும், நடுவில் வேலிக்கம்பி கிழித்த தழும்பு இருக்கும். மாடு வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அதில் எழுதியிருக்கும். அதையெல்லாம் ஒதுக்கி வெட்டினால் மூன்று அடி போய்விடும். 126 ரிங்கிட். உள்பக்கத்துக்கு ஆட்டுத்தோல் 27. பித்தளை பக்கிள் இரண்டு 28. அமுக்குப் பொத்தான்கள் 12. நூல், மெழுகு, சாயம், பசை 15. மொத்தம் 208.

அடுத்தது நேரம். வெட்டி, ஓரங்களை மெலிதாகச் சீவ மூன்று மணி. சாயத்துக்கு மூன்று. பைகளை அமைக்க மூன்று. தையல் எட்டு. பக்கிள் வார்களுக்கு இரண்டு. ஓரம் தேய்த்து மெருகேற்ற நான்கு. எண்ணெய் பூசி முடிக்க ஒன்று. 24 மணி நேரம்.

தையலுக்கு ஏன் எட்டு மணி என்று கேட்கலாம். மெஷினில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்திருக்கும். ஒரு தையல் அறுந்தால் பக்கத்துத் தையலும் மெல்ல விட்டுக்கொடுக்கும். கைத்தையலில் ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் துளை போட்டு, அதே துளையில் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சேணம் தைப்பவர்கள் இப்படித்தான் தைப்பார்கள். இந்த பெல்ட்டில் ஏறக்குறைய 900 தையல்கள். தைக்கும் நீளத்தைப்போல நாலு மடங்கு நூல் வேண்டும். அவ்வளவு நூலையும் ஒவ்வொரு தையலுக்கும் முழுக்க இழுத்தாக வேண்டும்.

350இல் 208 போனால் மிச்சம் 142. அதை 24ஆல் வகுத்தேன். மணிக்கு 5 ரிங்கிட் 90 சென். அளவெடுக்கவும் மாதிரித்துண்டு தைக்கவும் ஆகப்போகும் ஒன்பது மணியைச் சேர்த்தால் 4 ரிங்கிட் 30 சென். நம் நாட்டில் 2025இல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. மணிக்கு 8 ரிங்கிட் 72 சென் வருகிறது. வேறொரு முதலாளி எனக்கு இந்தக் கூலியைக் கொடுத்தால் அவர்மேல் புகார் கொடுக்கலாம். இங்கே முதலாளியும் நான்தான்.

தாத்தாவின் சாக்கை விரித்து, காசைப் போடச் சொல்லி நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

*

சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். முதல் பெல்ட்டை 350க்கே செய்வது என்று முடிவெடுத்தேன்.

பழைய பொருளை மறுபடி செய்யும்போது முதலில் ஒரு கேள்வி வரும்: அந்தப் பொருளின் எந்த நாளைச் செய்யப்போகிறோம்? கடையில் வாங்கிய முதல் நாளையா, பல வருடம் இடுப்பில் கிடந்து கறுத்த நாளையா? "அத்தா இடுப்புல இருந்த மாதிரி வேணும்" என்றார் பாய். அவருக்கு எட்டு வயதில் பார்த்த பெல்ட் வேண்டும். அதில் சுருட்டு வாசனை இருந்ததாம், நடந்தால் சில்லறை குலுங்குமாம். அதை என்னால் தைக்க முடியாது. சாயத்தைச் சுரண்டி, மணல்தாளில் தேய்த்துப் பழசாகக் காட்ட முடியும். அப்படிச் செய்ய மனம் வரவில்லை. பழசாவது போட்டுக்கொள்கிறவரின் வேலை.

பையின் மூடிக்கு அடியில், கறுக்காமல் தப்பியிருந்த ஒரு விரல் அகலப் பச்சையைக் கண்டுபிடித்தேன். அதுதான் முதல் நாளின் நிறம். பட்டைச்சாற்றுத் தோல் இயல்பிலேயே வெளிர் பழுப்பு. அதன்மேல் நேராகப் பச்சை பூசினால் சேறு மாதிரி ஆகிவிடும். அடியில் மஞ்சள் பூசி, மேலே பச்சை, கடைசியில் இரும்பாணி ஊறவைத்த வினிகரைத் தண்ணீரில் கலந்து ஒரே ஒரு கை. தோலில் இருக்கும் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கருமை வரும். நம் ஆட்கள் பல நூறு வருடமாகத் தோலைக் கறுப்பாக்கிய முறைதான். மிகக் குறைவாகப் பூசினால் பச்சையின் பளபளப்பு மட்டும் அடங்கும். பதினோராவது துண்டில் நிறம் பிடித்தது.

சாயம் காயும் நேரங்களில் தோலின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் சென்னையிலிருந்து லண்டன் சந்தைக்குப் போயிருக்கிறது. கிழக்கிந்தியத் தோல் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான். ஏற்றுமதி செய்தவர்களுக்கு மாளிகைகள் எழுந்தன. செத்த மாட்டைத் தூக்கியவர்களுக்கும் உரித்தவர்களுக்கும் சேரியின் கடைசி வீடு. தோலுக்கு எப்போதும் நல்ல விலை இருந்திருக்கிறது. அதைத் தொட்ட கைக்குத்தான் இல்லை.

அந்தத் தடித்த தையல் இடத்துக்கு வந்தபோது ஊசியை வைத்துவிட்டு யோசித்தேன். அதையும் அப்படியே தைப்பதா? அந்தத் தவறு அவருடையது. அதை நான் நடித்துக் காட்டினால் கேலி மாதிரி ஆகிவிடும். என் நூல் வேறொரு இடத்தில் தீர்ந்தது. நானும் இரண்டு தையல் பின்னால் போய்ப் புது நூலைத் தொடங்கினேன். என் தடிப்பு அங்கே இருக்கிறது. பையின் உள்பக்கம் வருடத்தைச் சின்னதாக முத்திரை குத்தினேன். நாளைக்கு யாரும் அதைப் பழைய பெல்ட் என்று சொல்லி விற்கக்கூடாது.

*

பெல்ட்டை வாங்கிக்கொள்ள வந்த பாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. மூடியைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். அந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டு நான் தாளை நீட்டினேன். கை நடுங்கியது உண்மை.

"பாய், இது 350தான். சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனா அடுத்த ரெண்டும் அந்த விலைக்கு முடியாது. கணக்கு எழுதியிருக்கேன் பாருங்க."

தோல் முதலியவை 208. மணிக்கு 20 ரிங்கிட் வீதம் 24 மணிக்கு 480. கருவித் தேய்மானம், கரண்டு, கெட்டுப்போகும் துண்டுகளுக்குப் பத்து சதவீதம். மொத்தம் 757, முழுசாக 760. 20 என்பது நான் கற்பனையில் போட்ட எண் அல்ல. அலுவலகச் சம்பளத்தை மணிக்குப் பிரித்தால் வருவது. பகலில் என் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும் விலை இரவில் ஏன் குறைய வேண்டும்?

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாற்பது வருடம் துணிக்கடை நடத்தியவர்.

"அன்னிக்கே நெனச்சேன் தம்பி, இந்தப் புள்ள தப்பா சொல்லுதேன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்?"

"வாங்கறவன் வெலைய ஏத்திச் சொல்லுவானா? அது விக்கிறவன் வேல."

இன்னும் ஒன்று மட்டும் செய்யச் சொன்னார். மூன்று முடியாது, 760க்கு ஒன்று போதும் என்றார். புதுசு இரண்டு, பழையது ஒன்று, அண்ணன் தம்பி மூன்று பேரும் சீட்டுக் குலுக்கிப் போட்டுக்கொள்வார்களாம். ஒரு வேலை கையைவிட்டுப் போனது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பணத்தை எண்ணி, என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். அவர் எல்லோருக்கும் அப்படித்தான் கொடுப்பாராக இருக்கும். எனக்கு அது வேறாக இருந்தது.

அவர் போனபிறகு அப்பா பின்பக்கம் வந்தார். இந்த ஆறு வருடத்தில் அவர் என் மேஜைப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. தாள் அங்கேயே கிடந்தது. எடுத்துப் படித்தார்.

"மணிக்கு 20 போட்டியா?"

"ஆமாப்பா."

"எல்லாம் சனி, ஞாயிறுதானே தைக்கிற?"

"ஆமா."

"எங்க பேக்டரில ஞாயித்துக்கிழமைக்கு டபுள்டா" என்றார். குத்தூசியை எடுத்து நுனியை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.