சின்ன உடைப்புக்காரர்கள் கேட்பது

"வெள்ளைக்காரன் யுத்தத்துக்குப் போட்ட ரோடு" என்றுதான் எங்கள் அப்பத்தா கடைசிவரை சொன்னாள். ஏர்போர்ட் என்ற சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. அவள் சொன்னதும் சரிதான். மதுரை விமான நிலையம் 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போட்ட தளம். பயணிகள் விமானம் வந்தது 1956-ல். எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ வரும். பெருங்குடிப் பக்கம் ஆடு மேய்க்கிற பையன்கள் அதை வைத்துத்தான் மணி சொல்வார்கள்.

அப்பத்தாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. 1971 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ விமானம் சின்னமனூர்ப் பக்கம் மலையில் மோதி 21 பேர் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி அவள் மனசிலிருந்து போகவே இல்லை. விமானம் தாழ வந்தால் கையில் இருக்கிற முறத்தை மடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மறுபடி புடைப்பாள்.

இப்போது இருந்திருந்தால் அவளால் அரிசி புடைத்து முடித்திருக்க முடியாது. 2010 செப்டம்பரில் புது முனையம் திறந்தார்கள். 2012 செப்டம்பரில் கொழும்புக்கு விமானம் விட்டார்கள். பிறகு துபாய், சிங்கப்பூர். 2024 அக்டோபரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. எல்லாம் நல்லதுதான். எங்கள் தெருவிலேயே வளைகுடாவில் வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்களை வழியனுப்ப வேன் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவோம். இப்போது ஆட்டோ போதும். ஆகவே விமானம் வேண்டாம் என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலம் இழப்பதைப் பற்றி மனு கொடுக்கிறவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

அத்தான் மாடி எடுத்த கதை நினைவுக்கு வருகிறது. ஏர்போர்ட்டைச் சுற்றியுள்ள இடங்களில் கட்டடத்தின் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு உயரம் போகலாம் என்று நிறம் பிரித்த வரைபடம் வைத்திருக்கிறார்கள். உயரத்தைத் தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவார்கள். அத்தானுக்கு அது புரியவே இல்லை. "கடலுக்கும் நம்ம வீட்டுக்கும் என்ன மாப்ள சம்பந்தம்?" என்று கையில் பிளானை வைத்துக்கொண்டு கேட்டார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் அந்த உயரத்தில் சேரும் என்று சர்வேயர் சொன்னபோது தொட்டியை இறக்கிப் படிக்கட்டுக்குப் பின்னால் வரைந்தார்கள். விதி தேவைதான், உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் கடன் வாங்கி இரண்டு அறை எடுக்கிறவருக்கு அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

விதி என்றதும் வெள்ளைக்கல் ஞாபகம் வருகிறது. மதுரையின் குப்பையெல்லாம் அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளைக்கல்லில்தான் மலையாகக் கிடக்கிறது. கோடையில் அது தீப்பிடித்துப் புகைந்தால் நாலைந்து ஊருக்கு மூச்சு முட்டும். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் பறவைகளை இழுக்கிற மாதிரி குப்பை கொட்டக் கூடாது என்று 1937-ஆம் வருஷத்து விமான விதிகளிலேயே இருந்தது. அத்தான் தொட்டியை இறக்கி வைத்தார். குப்பைமலைக்கு மேலே பருந்து இன்றைக்கும் வட்டமடிக்கிறது. விமானிக்கும் ஆபத்து, ஊர்க்காரனுக்கும் நோய். இரண்டு பேருக்கும் ஒரே தீர்வு இருக்கிற காரியம் இது. இதைக்கூட முடிக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

நான் சொல்ல வந்தது ஓடுதளத்துக்காக நிலம் கேட்கப்படும் சின்ன உடைப்பு என்ற ஊரைப் பற்றி. ஓடுதளம் இப்போது 7,500 அடி. பெரிய விமானம் முழுப் பாரத்தோடு ஏற அது பற்றாது என்று 12,500 அடியாக நீட்டத் திட்டம் போட்டார்கள். அதற்கு அறுநூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, பாப்பானோடை, ராமன்குளம், பெருங்குடி என்று ஊர் ஊராக அளந்தார்கள். நடுவில் ரிங் ரோடு குறுக்கே வந்தது. மேலே ஓடுதளம், கீழே சுரங்கப்பாதை என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள், மறுபடி பேசினார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேலாக இப்படியே போகிறது. இத்தனை வருஷமும் அந்த நிலத்தில் கிணறு வெட்டவும் பயம், பிள்ளை கல்யாணத்துக்கு விற்கவும் வழியில்லை. பணம் கொடுத்து எடுத்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இந்தக் காத்திருப்பு தின்ற வருஷங்களுக்குக் கணக்குப் பார்த்தவர் யாருமில்லை.

வலையங்குளத்துப் பூ விவசாயி ஒருவர் சொன்னார்: "பூ பிளேன்ல போறது எங்களுக்குப் பெருமதான் தம்பி." மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விடியுமுன் மொட்டைப் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தையில் சேர்த்தால் அதில் ஒரு பங்கு கடல் கடந்து போகிறது. மல்லிகைச் செடி வைத்த வருஷமே காசு தராது. வேரூன்றிவிட்டால் பல வருஷம் சோறு போடும். நிலம் போகப்போகிறது என்று காதில் விழுந்தவன் எந்த நம்பிக்கையில் புதுப் பதியன் வைப்பான்?

2024 நவம்பரில் சின்ன உடைப்பில் வீடுகளைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் வந்தபோது ஊரே தெருவில் உட்கார்ந்தது. சிலர் மேல்நிலைத் தொட்டியில் ஏறினார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். நான் போன அன்று சாவடித் திண்ணையில் ஓர் அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை. "பணத்த வாங்கிட்டு ஆளுக்கு ஒரு பக்கமாப் போயிட்டா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா யாருய்யா தூக்குவா? மொத்த ஊரையும் ஒரே இடத்துல வைக்கச் சொல்லுங்க. மதுரையை விட்டுத் தள்ளிப் போடாதீங்க. அவ்வளவுதான் கேக்குறோம்." பக்கத்தில் இருந்த பையன் டிப்ளமோ முடித்தவன். ஏர்போர்ட்டில் வேலை கேட்டால் தப்பா என்றான்.

தப்பே இல்லை. 2013-ஆம் வருஷத்து நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அதைத்தான் சொல்கிறது. வீடு இழந்தவருக்கு வீடு. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு வேலை, இல்லையென்றால் ஐந்து லட்சம் ரூபாய், அதுவும் இல்லையென்றால் இருபது வருஷத்துக்கு மாதாமாதம் தொகை. தமிழ்நாடு 1997-லேயே தொழில் தேவைக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் போட்டிருந்தது. எந்தச் சட்டத்தில் எடுத்தாலும் திண்ணையில் இருக்கிற அம்மாவின் கேள்வி மாறப்போவதில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மீனாட்சி கோயிலுக்கு வந்தபோது இதைப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மயிலிட்டிக்காரர். பலாலி விமானத்தளத்தைச் சுற்றி 1990-ல் சனம் இடம்பெயர்ந்தது. மயிலிட்டியில் ஒரு பகுதியை விட்டது 2017-ல். பலாலி 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. அங்கே போர், இங்கே வளர்ச்சி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னது மனசில் நிற்கிறது. "காணி திரும்பிச்சுது அண்ணை. பக்கத்து வீட்டுச் சனம் ஒருத்தரும் திரும்பேல்ல." பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2022-லிருந்து ஏகனாபுரத்தார் மாலை தவறாமல் கூடி உட்காருகிறார்களே, அவர்களுக்கும் உள்ளே இருக்கிற பயம் இதுவாகத்தான் இருக்கும்.

சின்ன உடைப்புக்காரர்கள் கேட்கிற வரிசையைத்தான் நானும் கேட்கிறேன். முதலில் மாநகராட்சி எல்லைக்குள் இடம். அதில் பட்டா, வீடு, தண்ணீர், சுடுகாடு, சாமிக்கு ஒரு திடல். பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயும் பக்கத்து வீட்டில். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வருஷ நடுவில் மாறாமல் இருக்க கோடை விடுமுறையில் குடிபெயர்வு. படித்த பிள்ளைக்குக் காண்ட்ராக்ட் துடைப்பம் அல்ல, ஒழுங்கான வேலை. இவ்வளவும் முடிந்து சாவி கைக்கு வந்த பிறகு ஜேசிபி வரட்டும். பதினைந்து வருஷம் காத்திருந்த ஓடுதளத்துக்கு இன்னும் ஓர் ஆறு மாதம் பெரிய காலமில்லை.